புரோட்டானைவிடக் கனமான ஒன்று புரோட்டானுக்குள்ளேயே இருக்கிறதா? 'சார்ம்' குவார்க் விருந்தாளியா, வீட்டு ஆளா?

புரோட்டானுக்குள் எத்தனை குவார்க்குகள் இருக்கின்றன? பள்ளியில் இயற்பியல் படித்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 'மூன்று' என்பார்கள். இரண்டு 'அப்', ஒரு 'டவுன்'. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

ஆனால் 2022 ஆகஸ்ட்டில் 'நேச்சர்' ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை வேறொரு பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. புரோட்டானுக்குள் 'சார்ம்' என்ற கன குவார்க்கும் குடியிருப்பதற்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது என்றது அது.

இதில் என்ன விசேஷம்? சார்ம் குவார்க் ஒன்றின் எடை, முழு புரோட்டானின் எடையைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஒரு கிலோ எடையுள்ள பொட்டலத்துக்குள் 1.35 கிலோ பொருள் இருக்கிறது என்று சொல்வது மாதிரி. பாடப்புத்தகம் இதை 'நிறை' என்னும். இந்தக் கட்டுரையில் பேச்சு வழக்கில் 'எடை' என்றே வைத்துக்கொள்வோம்.

இது எப்படிச் சாத்தியம்? அப்படியே இருந்தாலும் நமக்கு என்ன? இந்த விஷயத்தில் மும்பைக்கும், கோலார் தங்க வயலுக்கும், ஊட்டிக்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'மூன்று' என்ற விடை தப்பா?

தப்பில்லை, ஆனால் பாதி விடைதான்.

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியில் எலக்ட்ரான்களை வேகமாக விட்டு புரோட்டானைத் தாக்கிப் பார்த்தார்கள். அவை சிதறிய விதத்தை வைத்து, புரோட்டானுக்குள் புள்ளி போன்ற சிறு துகள்கள் இருப்பது தெரிந்தது. அந்த ஆய்வுக்காக ஜெரோம் ஃப்ரீட்மன், ஹென்றி கெண்டல், ரிச்சர்ட் டெய்லர் ஆகியோருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அப் குவார்க்கின் எடை சுமார் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட், டவுன் குவார்க்கின் எடை சுமார் 4.7. இரண்டு அப், ஒரு டவுன் சேர்த்தால் மொத்தம் 9 சொச்சம் வரும். ஆனால் புரோட்டானின் எடை 938. அந்த மூன்று பேரின் எடை மொத்தத்தில் ஒரு சதவீதம்தான் என்றால் மீதி 99 சதவீதம் எங்கே?

குவார்க்குகளின் ஓட்டத்திலும், அவற்றைக் கட்டிப்போடும் 'குளுவான்' என்ற பசைத் துகள்களின் ஆற்றலிலும் இருக்கிறது. ஆற்றலும் நிறையும் ஒன்றாக மாறக்கூடியவை என்பது ஐன்ஸ்டைன் சொன்ன பாடம். குளுவான்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு குளுவான் நொடிக்கும் மிகச் சிறிய நேரத்துக்கு ஒரு குவார்க்காகவும் அதன் எதிர்க் குவார்க்காகவும் பிரியும், பிறகு மறுபடி ஒன்றாகும். புரோட்டானுக்குள் இது ஓயாமல் நடக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மும்பையின் தாராவிக்கு வாருங்கள். அங்கே 90 அடி சாலையை கேமராவில் பல நிமிடங்கள் ஷட்டரைத் திறந்து வைத்துப் படம் எடுத்தால், நடமாடும் கூட்டம் கரைந்துபோய்விடும். கடைகளும் கட்டடங்களும் மட்டும் தெரியும். அதே இடத்தை ஆயிரத்தில் ஒரு நொடி ஷட்டரில் எடுத்தால், இட்லிக்கூடையைத் தூக்கிப்போகிறவரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரை எல்லாரும் படத்தில் சிக்குவார்கள்.

மோதலின் ஆற்றல் ஏற ஏற, ஷட்டரின் வேகமும் ஏறுகிறது. குறைந்த ஆற்றலில் பார்த்தால் மூன்று குவார்க்குகள். ஆற்றலை ஏற்றினால் குளுவான்களும், வந்து போகும் குவார்க் ஜோடிகளும் கூட்டம் கூட்டமாகத் தெரிகின்றன. அந்த விருந்தாளிகள் எப்போதும் ஜோடியாகவே வருவதால், குவார்க்கில் எதிர்க் குவார்க்கைக் கழித்தால் மிச்சம் மூன்றுதான். பாடப்புத்தகத்தின் 'மூன்று' என்பது இந்தக் கழித்தல் கணக்கின் விடை.

கனமான மூன்று பேர் யார்?

இயற்கையில் மொத்தம் ஆறு வகை குவார்க்குகள் உண்டு. அப், டவுன், 'ஸ்ட்ரேஞ்ச்' மூன்றும் லேசானவை. மற்ற மூன்றும் கன குவார்க்குகள்:

- சார்ம்: எடை சுமார் 1.27 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது புரோட்டானைப் போல 1.35 மடங்கு. 1974 நவம்பரில் பர்ட்டன் ரிக்டர் குழுவும் சாமுவேல் டிங் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. இருவருக்கும் 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது.
- பாட்டம்: சுமார் 4.2 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். புரோட்டானைப் போல நாலரை மடங்கு. 1977-இல் சிகாகோ அருகே உள்ள ஃபெர்மிலாபில் கண்டுபிடிக்கப்பட்டது.
- டாப்: சுமார் 173 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். ஒரே ஒரு டாப் குவார்க்கின் எடை கிட்டத்தட்ட ஒரு தங்க அணுவின் எடைக்கு வரும். 1995-இல் அதே ஃபெர்மிலாபில் கண்டுபிடிக்கப்பட்டது.

இத்தனை கனமானவை லேசான புரோட்டானுக்குள் எப்படி வரும்? குவாண்டம் விதிகள் மிகக் குறுகிய நேரத்துக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் கைமாற்று அனுமதிக்கின்றன. எவ்வளவு அதிகம் வாங்குகிறீர்களோ, அவ்வளவு சீக்கிரம் திருப்பித் தரவேண்டும். 1.27 என்பது சார்ம் நிஜமாக வெளியே வரும்போது உள்ள எடை. புரோட்டானுக்குள் அது கடனில் தலைகாட்டுகிற ஆள். மோதலின் ஆற்றல் அந்தக் கடனை அடைத்துவிட்டால், அது நிஜமாகவே வெளியே வந்துவிடும்.

மோதலில் இவற்றுக்கு என்ன வேலை?

சுவிட்சர்லாந்து-பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்டது. 2022 முதல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அங்கே புரோட்டான்கள் மோதுகின்றன. ஆனால் உண்மையில் முழு புரோட்டானும் முழு புரோட்டானும் மோதுவதில்லை. இந்தப் பக்கத்து புரோட்டானின் ஒரு குவார்க்கோ குளுவானோ, அந்தப் பக்கத்து புரோட்டானின் ஒரு குவார்க்கோடோ குளுவானோடோ மோதுகிறது.

ஆகவே எந்த மோதலையும் முன்கூட்டிக் கணிக்க உங்களுக்கு முதலில் ஒரு பங்கு அட்டவணை வேண்டும். புரோட்டானின் மொத்த வேகத்தில் குளுவானுக்கு எத்தனை பங்கு, அப் குவார்க்குக்கு எத்தனை, சார்முக்கு எத்தனை, பாட்டமுக்கு எத்தனை? இந்த அட்டவணையைச் சமன்பாட்டிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. பல ஆய்வகங்களின் பல பத்தாண்டுத் தரவுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் உருவாக்க வேண்டும்.

உதாரணமாக, 'ஒற்றை டாப்' என்ற நிகழ்வை எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டானுக்குள் இருக்கும் பாட்டம் குவார்க் ஒன்று எதிரிலிருந்து வரும் குவார்க்கோடு பலவீன விசை வழியாக ஊடாடி, டாப் குவார்க்காக மாறுகிறது. ஃபெர்மிலாபின் இரண்டு குழுக்கள் ஒற்றை டாப்பை 2009-இல் உறுதிசெய்தன. 'புரோட்டானுக்குள் பாட்டம் எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இது எத்தனை முறை நடக்கும் என்று கணிக்க முடியாது.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹெரா மோதுவியும் இதையே காட்டியது. எலக்ட்ரானால் புரோட்டானைத் தாக்கியபோது, சில பகுதிகளில் சுமார் கால் பங்கு நிகழ்வுகளில் சார்ம் குவார்க் வெளிப்பட்டது. எப்போதாவது வருகிற விருந்தாளிக்கு இது பெரிய எண்ணிக்கை.

பங்கு அட்டவணையில் பிழை இருந்தால் என்ன ஆகும்? பழைய விஷயமே புதுக் கண்டுபிடிப்பாகத் தோன்றலாம். அல்லது நிஜமான புதுக் கண்டுபிடிப்பு 'அட்டவணைப் பிழை' என்ற பெயரில் மறைந்துபோகலாம். இந்த விவாதத்தில் பணயமாக இருப்பது இதுதான்.

மும்பைக்கு இதில் என்ன பங்கு?

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம். அதையும் தாண்டினால் கலினா. மும்பைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் 1995 வரை பணியாற்றியவர் ரோகிணி கோட்போலே. பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 அக்டோபரில் காலமானார்.

1983-இல், டாப் குவார்க் கண்டுபிடிக்கப்படுவதற்கு 12 ஆண்டுகளுக்கு முன்பு, கோட்போலே, டி.பி. ராய், சந்தீப் பக்வாசா மூவரும் ஒரு எளிய யோசனையை முன்வைத்தார்கள். பாட்டமோ சார்மோ சிதைந்து எலக்ட்ரானையோ மியூயானையோ வெளியிட்டால், அது மற்ற துகள்களின் நெரிசலுக்கு நடுவே வரும். டாப் ரொம்பக் கனமானது. அது சிதைந்தால் எலக்ட்ரானோ மியூயானோ தனியாக ஒதுங்கி நிற்கும். ஆகவே டாப்பைத் தேட வேண்டுமானால், கூட்டத்தை விட்டுத் தள்ளி நிற்பவரைத் தேடுங்கள் என்றார்கள். கன குவார்க்குகளைப் பிரித்தறிய இன்றும் பயன்படும் வழி இது.

1995-இல் டாப்பைக் கண்டுபிடித்த இரண்டு குழுக்களில் ஒன்று 'டி-ஸீரோ'. அதில் கொலாபாவில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், டெல்லி மற்றும் பஞ்சாப் பல்கலைக்கழகங்களும் உறுப்பினர்கள்.

செர்னின் சிஎம்எஸ் ஆய்விலும் இந்த நகரத்தின் கைவண்ணம் உண்டு. துகள்களின் ஆற்றலை அளக்கும் கருவியின் வெளி அடுக்கை உருவாக்கியதில் டாடா நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு. செம்பூரை ஒட்டிய டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில், மியூயான்களைப் பிடிக்கும் உணர்கருவி அறைகள் சிஎம்எஸ்-க்காகக் கோர்க்கப்பட்டன. செர்ன் தரவைச் சேமித்து அலசும் உலகளாவிய கணினி வலையின் ஒரு மையம் கொலாபாவில் இயங்குகிறது. 2017 ஜனவரி முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு.

சரி, சார்ம் விருந்தாளியா, வீட்டு ஆளா?

இந்த வித்தியாசத்தைத் தாராவிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அங்கே மறுசீரமைப்புக்காக 2024 மார்ச்சில் தொடங்கிய கணக்கெடுப்பில், கதவைத் தட்டும்போது நீங்கள் வீட்டுக்குள் இருந்தால் மட்டும் போதாது. தாராவிக்குள்ளேயே இலவச வீடு வேண்டுமென்றால், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். ஆள் இருக்கிறார் என்பது வேறு. அவர் இங்கேயே குடியிருப்பவரா, வந்து போறவரா என்பது வேறு.

சார்ம் விஷயத்தில் 'ஆள் இருக்கிறார்' என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேகமான ஷட்டரில் பார்த்தால் குளுவான் பிரிந்து சார்ம் ஜோடி உருவாவது தெரியும். நாம் வேகமாகப் பார்ப்பதால் கண்ணில் படும் விருந்தாளி அது. கேள்வி அதுவல்ல. ஷட்டரை மெதுவாக்கினாலும், புரோட்டான் தன்பாட்டுக்குச் சும்மா இருக்கும்போதும், அதற்குள் சார்முக்கு ஒரு நிரந்தரப் பங்கு உண்டா?

உண்டு என்று 1980-இல் ஒரு கோட்பாடு வந்தது. ஸ்டான்லி பிராட்ஸ்கி, பால் ஹோயர், கார்ஸ்டன் பீட்டர்சன், நோரிசுகே சகாய் நால்வரும் சொன்னது இது: புரோட்டான் எப்போதும் மூன்று குவார்க்கோடு மட்டும் இருப்பதில்லை. சுமார் ஒரு சதவீத அளவுக்கு அது ஐந்து பேர் குடும்பமாக இருக்கலாம். இரண்டு அப், ஒரு டவுன், ஒரு சார்ம், ஒரு எதிர்ச் சார்ம். இதற்கு 'உள்ளார்ந்த சார்ம்' என்று பெயர்.

விருந்தாளியையும் வீட்டு ஆளையும் பிரித்துக் காட்டுவது எது? வேகத்தில் அவர்களுக்குள்ள பங்கு.

சயான் ஸ்டேஷனிலிருந்து மாட்டுங்கா நோக்கிப் போகும் லோக்கல் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் மூன்று காலேஜ் பிள்ளைகளும், பெரிய மூட்டையோடு இரண்டு பேரும் போகிறார்கள். எல்லாருக்கும் ஒரே வேகம். ஆனால் திடீரென பிரேக் போட்டால் மூட்டைக்காரர்தான் அதிக விசையோடு முன்னால் சாய்வார். வேகம் ஒன்றானாலும், கனமானவரிடம் உந்தம் அதிகம். புரோட்டானின் ஐந்து பேர் குடும்பம் சேர்ந்து பயணிக்கும்போதும் இதேதான். சார்ம் கனமானது என்பதால், மொத்த உந்தத்தில் பெரிய பங்கைத் தூக்கிச் செல்லும்.

குளுவான் பிரிந்து வரும் விருந்தாளி சார்ம் அப்படியில்லை. பெரும்பாலும் அது சின்னப் பங்கோடுதான் வரும். ஆகவே, பெரிய உந்தப் பங்கோடு சுற்றும் சார்ம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தால், அது வீட்டு ஆளின் அடையாளம்.

உடைந்த துண்டுகளிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

குவார்க்கை யாரும் நேரில் பார்க்க முடியாது. மோதிய பிறகு சிதறும் துண்டுகளை வைத்துத்தான் எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தாராவியின் தேரா காம்பவுண்ட் பக்கம் போனால், கலந்து கிடக்கும் பிளாஸ்டிக் குவியலைத் தரவாரியாகப் பிரிக்கும் தொழிலாளர்களைப் பார்க்கலாம். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் துண்டுகளை ஒடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, வகை சொல்லிவிடுவார்கள். குணம் தெரிந்தால் இனம் தெரியும்.

சார்மின் குணம் அது வாழும் நேரம். சார்ம் உள்ள துகள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு உயிரோடிருக்கும். ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் போவதால், அதற்குள் சில மில்லிமீட்டர் தூரம் நகர்ந்து, பிறகு சிதையும். மோதல் நடந்த புள்ளி ஒன்று, சிதைந்த புள்ளி இன்னொன்று. இடையில் உள்ள அந்த மில்லிமீட்டர் இடைவெளிதான் சார்மின் கைரேகை. பாட்டமுக்கும் இதே மாதிரி இடைவெளி உண்டு. ஆனால் அதன் எடையும் சிதையும் விதமும் வேறு. டாப்புக்கு இந்த வாய்ப்பே இல்லை. பிறந்த இடத்திலேயே சிதைந்துவிடும்.

செர்னின் எல்ஹெச்சிபி ஆய்வுக் குழு இந்தக் கைரேகையை வைத்து ஒரு குறிப்பான நிகழ்வைத் தேடியது. ஒரு 'இஸட்' போசானும், கூடவே ஒரு சார்மும் சேர்ந்து வெளிவரும் மோதல்கள். மற்ற பெரிய ஆய்வுகளைப் போல மோதல் புள்ளியைச் சுற்றி நாலாபுறமும் பார்க்காமல், கற்றை போகும் திசையை ஒட்டியே பார்க்கும் கருவி அது. பெரிய உந்தப் பங்கோடு மோதும் குவார்க்குகளின் விளைவுகள் அந்தத் திசையில்தான் கிடைக்கும். 2015 முதல் 2018 வரை சேர்த்த தரவை அலசி, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். கற்றைக்கு மிக நெருங்கிய பகுதியில், வீட்டு ஆள் இல்லாத கணக்கு சொன்னதைவிடச் சார்ம் கூடுதலாக இருந்தது.

2022 ஆய்வு என்ன சொன்னது?

மிலான் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபானோ ஃபோர்ட்டே, ஆம்ஸ்டர்டாமின் ஹுவான் ரோகோ உள்ளிட்டோரின் குழுவுக்கு 'என்என்பிடிஎஃப்' என்று பெயர். நரம்பணு வலை என்ற இயந்திரக் கற்றல் முறையில் புரோட்டானின் பங்கு அட்டவணையைத் தயாரிப்பவர்கள் இவர்கள். பல ஆய்வகங்களின் 4,600-க்கும் மேற்பட்ட தரவுப் புள்ளிகளை இந்த அட்டவணைக்குப் பயன்படுத்தினார்கள். சார்மின் பங்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், அதையும் தரவே சொல்லட்டும் என்று விட்டார்கள். பிறகு விருந்தாளிப் பங்கைக் கழித்துப் பார்த்தார்கள்.

கையில் ஒரு மிச்சம் நின்றது. புரோட்டானின் மொத்த உந்தத்தில் பத்தில் நான்கு பங்கு அளவுக்கு ஒரே சார்ம் சுமக்கும் இடத்தில் அந்த மிச்சம் உச்சம் தொட்டது. பிராட்ஸ்கி குழு 1980-இல் எதிர்பார்த்த வடிவமும் கிட்டத்தட்ட இதுதான். எல்ஹெச்சிபி தரவை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்து ஒப்பிட்டபோதும் பொருந்தியது.

மொத்தமாக எவ்வளவு? 0.62 சதவீதம், 0.28 கூடலாம் அல்லது குறையலாம். நம்பகத்தன்மை 3 சிக்மா. அதாவது, வீட்டு ஆளே இல்லாமல் வெறும் தற்செயலால் இப்படியொரு மிச்சம் தெரிய சுமார் 740-இல் ஒரு வாய்ப்பு. துகள் இயற்பியலில் இதை 'ஆதாரம்' என்பார்கள். 'கண்டுபிடிப்பு' என்று சொல்ல 5 சிக்மா வேண்டும். அது சுமார் 35 லட்சத்தில் ஒன்று.

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா?

இல்லை. பங்கு அட்டவணை தயாரிக்கும் இன்னொரு மூத்த குழுவான 'சிடெக்' அதே 2022-இன் கடைசியில் தன் அலசலை வெளியிட்டது. உள்ளார்ந்த சார்ம் இருக்கலாம்; ஆனால் இருப்பதாக இப்போதைய தரவு உறுதியாகச் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். அவர்கள் கணக்கில் பூஜ்யமும் சாத்தியமான விடைதான்.

ஏறத்தாழ ஒரே தரவு எப்படி இரண்டு தீர்ப்பு தருகிறது? தேர்தல் கருத்துக்கணிப்பு பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே மாதிரித் தொகுதிகளில் ஒரே மாதிரிக் கேள்வி கேட்டாலும், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இடங்களின் எண்ணிக்கை மாறும். இங்கேயும் தகராறு மூன்று இடங்களில் இருக்கிறது.

ஒன்று, விருந்தாளிப் பங்கைக் கழிக்கும் கணக்கு துல்லியமானதல்ல. எந்த அளவு நுணுக்கத்தோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை நகரும். அந்தக் கோட்பாட்டுப் பிழையையும் சேர்த்தால் 0.62-ஐச் சுற்றிய நிச்சயமின்மை 0.28-ஐவிடப் பெரிதாகும். இரண்டு, எந்தத் தரவை எவ்வளவு நம்புவது என்பதில் குழுக்கள் ஒத்துப்போவதில்லை. உதாரணமாக, செர்னில் 1980-களில் ஐரோப்பிய மியூயான் குழு எடுத்த பழைய அளவீடு சார்ம் கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. அதை எத்தனை நம்பலாம் என்பது நாற்பது வருட விவாதம். மூன்று, எல்ஹெச்சிபி பார்த்த அந்த நிகழ்வைக் கணிப்பதிலும் கோட்பாட்டுச் சிக்கல்கள் இருக்கின்றன.

என்என்பிடிஎஃப் குழு அதோடு நிற்கவில்லை. சார்ம் நிஜமாகவே வீட்டு ஆள் என்றால், சார்மின் பரவலும் எதிர்ச் சார்மின் பரவலும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. விருந்தாளிகள் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். அடுத்த அலசலில் இந்த ஏற்றத்தாழ்வைத் தேடி, லேசான அறிகுறி தெரிவதாகச் சொன்னார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

இதனால் யாருக்கு என்ன?

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதுகின்றன. இயற்கையே நடத்தும் புரோட்டான் மோதல் அது. அதில் உருவாகும் துகள்கள் சிதைந்து நியூட்ரினோக்களைத் தருகின்றன. வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பிடித்த ஆய்வுகளில் ஒன்று நம்முடையது. 1965-இல் கோலார் தங்க வயலில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், டாடா நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைச் செய்தார்கள். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய சுரங்கங்கள் அவை.

இன்று அந்தத் தேடல் அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் நடக்கிறது. அங்கே உள்ள 'ஐஸ்கியூப்' கருவி, தொலைதூர விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களை 2013-இல் அறிவித்தது. ஆனால் ஒரு குழப்பம் உண்டு. வளிமண்டலத்தில் உருவாகும் சார்ம் துகள்கள் உடனே சிதைந்துவிடுவதால், அவற்றிலிருந்தும் மிக உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் வரலாம். வந்தது விண்வெளி விருந்தாளியா, உள்ளூர்ச் சரக்கா என்று பிரிக்க, ஒரு மோதலில் எத்தனை சார்ம் உருவாகும் என்று தெரிய வேண்டும். புரோட்டானுக்குள் சார்ம் குடியிருந்தால் அந்த எண்ணிக்கை கூடும். ஊட்டியில் டாடா நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் காஸ்மிக் கதிர்ப் பொழிவுகளை அளக்கிறது; அங்கேயும் அளந்ததைப் புரிந்துகொள்ள இதே வகையான மோதல் கணக்குகளே அடிப்படை.

மோதுவிகளிலும் அப்படித்தான். ஹிக்ஸ் போசான் பெரும்பாலும் பாட்டம் ஜோடியாகச் சிதைகிறது. 2018-இல் சிஎம்எஸ், அட்லஸ் இரண்டும் இதை உறுதிசெய்தன. அடுத்த இலக்கு, ஹிக்ஸ் சார்மாகச் சிதைவதைப் பிடிப்பது. இத்தகைய தேடல்களில் பின்னணியாக எத்தனை கன குவார்க்குகள் வரும் என்பதை அந்தப் பங்கு அட்டவணையே சொல்லும்.

அடுத்து என்ன?

எல்ஹெச்சிபி கருவி புதுப்பிக்கப்பட்டு, 2022-இல் தொடங்கிய மோதல் சுற்றில் முன்பைவிட அதிகத் தரவைச் சேர்த்திருக்கிறது. இஸட் போசானோடு வரும் சார்மை இன்னும் துல்லியமாக எண்ணுவதும், சார்மையும் எதிர்ச் சார்மையும் தனித்தனியாகப் பார்ப்பதும் அதிலிருந்து எதிர்பார்க்கப்படும் பரிசோதனைகள். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் திட்டமிடப்படும் எலக்ட்ரான்-அயனி மோதுவி 2030-களில் இயங்கத் தொடங்கினால், ஹெரா எட்டாத பெரிய உந்தப் பங்குப் பகுதியில் நேரடியாகப் பார்க்க முடியும்.

அதுவரை 'புரோட்டானுக்குள் எத்தனை குவார்க்?' என்று உங்களை யாராவது கேட்டால், கழித்துப் பார்த்தால் மூன்று என்று சொல்லுங்கள். சார்ம் உள்ளே வந்து போவது உறுதி. உள்ளேயே குடியிருக்கிறதா என்பதற்கு 3 சிக்மா ஆதாரமும், அதை ஏற்காத ஒரு மூத்த குழுவும் இருக்கின்றன. தீர்ப்பை அடுத்த தரவு சொல்லும்.